துணி எட்டாத ஓர் அங்குலம்: ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கிக் குழலில் பிடித்த துரு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த சம்பவம் இது. சம்பந்தப்பட்ட அப்பாவும் மகளும் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். நான் வேட்டைக்காரன் இல்லை. உலோக மேற்பூச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன், அதனால் துரு எனக்கு அன்றாடச் சோறு. சனிக்கிழமைகளில் ஒரு சுடுகளச் சங்கத்தில் பழைய துப்பாக்கிகளைத் துடைத்துப் பார்க்கும் மேசையில் கைகொடுப்பேன். இந்தக் குழல் அந்த மேசைக்கு வந்ததுதான்.

பின்னணி

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி வரை நீளும் ஒரு மான்வேட்டைப் பருவம் உண்டு. 1974 இல் தொடங்கியது. அந்தப் பருவத்தில் துப்பாக்கி என்றால் சிக்கிமுக்கிக் கல் தட்டிப் பற்றவைக்கும் நாட்டுத்துப்பாக்கிதான். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, கம்பியால் இறுக்கிக் கெட்டிக்க வேண்டும். இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்து லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய கொல்லர்கள்தான் இந்த நீளக்குழல் துப்பாக்கிக்கு உருவம் கொடுத்தார்கள். இங்கே பல வீடுகளில் அது தாத்தா வைத்திருந்த கருவி.

அப்பாவுக்கு 71 வயது. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பருவத்தைத் தவறவிட்டதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காட்டுக்குப் போக முடியவில்லை. 38 வயது மகள் அந்த வருடம் முதன்முதலாகத் தனியாகப் போனாள். அப்பாவுடைய துப்பாக்கி முழுக்கட்டை வைத்தது, அதாவது மரக்கட்டை குழல்வாய் வரை நீளும். நீளம், கனம். அதனால் அவள் தனக்கென்று பழையதாக ஒன்று வாங்கினாள். 50 காலிபர், அதாவது 12.7 மில்லிமீட்டர் துளை. அரைக்கட்டை. குழலின் அடியில் ஒரு கொக்கி. குறுக்கே செருகிய ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாகக் கழன்று வந்துவிடும்.

இரண்டு துப்பாக்கிக்கும் வெளியே தெரியாத ஒரு வித்தியாசம் இருந்தது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுடைய குழலில் துளை வாயிலிருந்து அடிவரை ஒரே அகலம். அடியைத் தட்டையான ஒரு திருகு அடைத்திருக்கும். மகளுடைய குழலில் துளை அடிக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிடும். அங்கிருந்து கீழே அதைவிடக் குறுகலான ஒரு சின்ன அறை. மருந்தின் அடிப்பகுதி அந்த அறையில்தான் உட்காரும். பக்கவாட்டில் இருக்கும் பற்றுவாய், அதாவது குழலுக்கு வெளியே பொடிமருந்து வைக்கும் கிண்ணத்திலிருந்து தீ உள்ளே பாயும் சிறு துளை, அந்த அறையில்தான் திறக்கிறது. தீ மருந்தைச் சட்டென்று பிடிக்கட்டும் என்று செய்த அமைப்பு அது.

வேட்டைப் பருவத்தில்

மொத்தம் ஆறு நாள் போயிருக்கிறாள். முதல் நாள் தூறல். மற்ற நாட்களில் பனியும் வெயிலும் மாறி மாறி. சுட்டது குறைவுதான். அதில் ஒரு மான் கிடைத்தது. சில நாட்களில் சாயங்காலம் வண்டியில் ஏறும்முன் மண்மேட்டில் சுட்டுக் காலிசெய்தாள். சுட்ட ஒவ்வொரு இரவும் கழுவினாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்பாடு கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது, "ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டாள்" என்பதுதான். அவள் கழுவினாள், அதுவும் அப்பா செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து, அதே வரிசையில்.

பற்றுவாயைப் பல்குத்தும் குச்சியால் அடைப்பது. கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டோடு குழலில் ஊற்றுவது. கொஞ்சம் ஊறவிட்டுக் கவிழ்ப்பது. பிறகு கம்பி நுனியில் பித்தளைக் குமிழைத் திருகி, அதில் துணித்துண்டு வைத்து மேலும் கீழும் இழுப்பது. துணி வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே போவது. கடைசியில் எண்ணெய் தாராளமாக. அப்புறம் பஞ்சுமெத்தை வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் பின்வாசல் அலமாரியில் செங்குத்தாக நிறுத்துவது, குழல்வாய் மேலே பார்க்க.

ஜனவரி மூன்றாம் வாரம் கடைசியாகக் கழுவி வைத்தாள். மே வரை பெட்டியைத் திறக்கவில்லை.

மே மாதம், சுடுகளத்தில்

மே மாத முதல் சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தாள். கெட்டிக்கும் முன் உலர்ந்த துணியால் குழலைத் துடைத்தாள். துணியில் லேசான பழுப்பு. எண்ணெயின் நிறம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் அடையாளம் அதுதான், அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 70 கிரெயின் மருந்து, கிட்டத்தட்ட நாலரை கிராம், அளந்து கொட்டிக் குண்டைக் கெட்டித்தாள்.

குதிரை, அதாவது கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி, விழுந்தது, கல் பொறி கக்கியது, கிண்ணத்தில் மருந்து புஸ்ஸென்று எரிந்தது. குழலுக்குள் இருந்த மருந்து வெடிக்கவே இல்லை. குழலை இலக்குப் பக்கம் பிடித்தபடியே ஒரு நிமிடம் காத்திருந்தாள். சில சமயம் உள்ளே கனன்றுகொண்டிருந்து தாமதமாக வெடிக்கும் என்பதால் இது கட்டாயம். பற்றுவாயை ஊசியால் குத்திவிட்டு மறுபடி முயன்றாள். இப்படி நான்கு முறை. நான்காவது முறைக்குமுன் பொடிமருந்தில் சில துகள்களைப் பற்றுவாய் வழியாகவே உள்ளே தள்ளிப் பார்த்தும் பலனில்லை. ஊசி நுனியில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டி வந்தது.

அங்கேயே நிறுத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கரியமில வாயு உருளையைப் பற்றுவாயில் வைத்து அழுத்தி, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு குண்டை வெளியே தள்ளினோம். கொஞ்சம் மருந்தும் கட்டிகட்டியாக விழுந்தது. உலர்ந்த கருமருந்து மணல் மாதிரி ஓடும். இது எண்ணெயில் பிசைந்த எள் மாதிரி இருந்தது. பிறகு கம்பியை உள்ளே விட்டு, காலிக்குழலின் ஆழத்தைக் காட்ட அதில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தோம். கோடு சரியாக வாயோடு நின்றது. உள்ளே வேறொன்றும் கெட்டித்திருக்கவில்லை.

தப்பாகப் போன முதல் சந்தேகம்

நான் முதலில் பழி போட்டது பஞ்சுமெத்தைப் பெட்டிமேல். அதற்குக் காரணம் இருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த இரும்பை 21 டிகிரி சமையலறைக்குள் கொண்டுவந்தால், குளிர்பானப் புட்டி வியர்ப்பதுபோல் உள்ளும் புறமும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் மெத்தை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிக் கெட்டுப்போன குழல்களை நான் பார்த்திருக்கிறேன். "பெட்டியை மாற்றுங்கள், சரியாகிவிடும்" என்று அவளிடம் சொல்லியும்விட்டேன். அவசரப்பட்டேன்.

வியர்வைத் துருவாக இருந்தால் குழல் நெடுக, வெளிப்புறத்திலும்கூட, பொட்டுப்பொட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே ஒரு பொட்டு இல்லை. குழல்வாயில் விரலை விட்டுத் துடைத்தால் சுத்தம். அடுத்து மாற்று மருந்தைப் பற்றிக் கேட்டேன். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் தூள்கள் சிலவற்றில் பெர்குளோரேட்டு உண்டு. எரிந்தபின் அது குளோரைடு உப்பை விட்டுப்போகும், கடல்காற்று இரும்பைத் தின்பதுபோல் அது தின்னும். அவள் அசல் கருமருந்தைத் தவிர வேறெதையும் போட்டதில்லை என்றாள். மருந்து டப்பாவையும் கொண்டுவந்து காட்டினாள். அந்தச் சந்தேகமும் போயிற்று.

உள்ளே என்ன இருந்தது

கைபேசியில் மாட்டும் மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டோம். மேலிருந்து முக்கால் தூரம் புரிகள், அதாவது குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் வெட்டிய திருகுக் காடிகள், பளபளப்பாகவே இருந்தன. மனசில் கொஞ்சம் நிம்மதி வந்தது. கேமரா அடியை நெருங்க நெருங்க நிறம் மாறியது. துளை முடிந்து குறுகல் அறை தொடங்கும் தோளில் செம்பழுப்பு வளையம், சட்டைக் காலரில் அழுக்கு பிடித்ததுபோல் சுற்றிவர. அதற்குக் கீழே அறை இருப்பதே தெரியவில்லை. கறுப்பாக ஒரு மொத்தை.

பித்தளைக் குமிழ் மாட்டிய கம்பியை முட்டும்வரை விட்டு, வாயோரத்தில் டேப் ஒட்டினோம். வெளியே எடுத்துக் குமிழைக் கழற்றிவிட்டு, மிகச் சிறிய காலிபருக்கான வெண்கலத் தூரிகையை மாட்டி மறுபடி விட்டோம். டேப் குழலுக்குள் போய்விட்டது, ஏறக்குறைய ஓர் அங்குலம். அவள் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படியானால் இத்தனை நாளும் நான் வாசலைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேனா?" என்றாள்.

ஆமாம், அப்படித்தான். குமிழும் துணியும் தோளில் முட்டி நின்றுவிடும். துணி எதைத் தொட்டதோ அதைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். மேலே சுத்தம், அதனால் துணி வெள்ளை. கொதிநீர் அறைக்குள் போயிருக்கும், கொஞ்சம் கரைத்தும் இருக்கும். ஆனால் தேய்ப்பதற்கு அங்கே எதுவும் போகவில்லை, கரைந்ததை முழுக்க வெளியேற்றவும் வழியில்லை, ஏனென்றால் பற்றுவாயைக் குச்சி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் தட்டையான அடியில் இதே முறை இருபது வருடம் பழுதில்லாமல் நடந்தது. போதாததற்கு அவர் தட்டைத் தகடு மாட்டிய சுரண்டியால் அடியை நாலு சுற்று சுற்றுவார். அந்தச் சுரண்டி மகளுடைய தோளில் உட்காராது. அதனால் அந்த ஒரு படியை அவள் விட்டுவிட்டாள்.

ஈரப்படுத்திய இரண்டு துணிகளில் பட்டறையிலிருந்து கொண்டுபோன காரஅமிலச் சோதனைத் தாளை ஒற்றிப் பார்த்தேன். மேல்பகுதித் துணியில் 7, அதாவது அமிலமும் இல்லை, காரமும் இல்லை. தூரிகையில் சுற்றி அறையிலிருந்து எடுத்த துணியில் 9-க்கும் 10-க்கும் நடுவே. நான்கு முறை கிண்ணத்தில் எரிந்த மருந்தின் கரி பற்றுவாய்க்குள்ளும் கொஞ்சம் போயிருக்கலாம், எனவே இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டவில்லை. ஆனால் தூரிகை வாரிக்கொண்டு வந்த மொத்தை ஒரே நாளில் சேர்ந்ததல்ல. நகத்தால் கீறினால் மேலே தார், அடியில் ஓடு, அதற்கும் அடியில் செம்பொடி.

கரியின் குணம்

கருமருந்தில் எடைக்கு எடை 75 சதவீதம் வெடியுப்பு, 15 சதவீதம் மரக்கரி, 10 சதவீதம் கந்தகம். எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, சல்பைடு என்று திடப்பொருளாகவே எஞ்சும். கழுவும் தண்ணீரில் வரும் அழுகிய முட்டை நாற்றம் அந்தச் சல்பைடுதான்.

எரிந்து மிஞ்சும் இந்தக் கரி அமிலம், அதனால்தான் இரும்பை அரிக்கிறது என்று சுடுகளத்தில் பலர் சொல்வார்கள். சோதனைத் தாள் காட்டியது அதற்கு எதிர். அது காரம். வெறும் காரமாக இருந்தால் எஃகுக்கு அவ்வளவு கெடுதல்கூட இல்லை. சிக்கல் அது ஈரத்தை இழுப்பதில். சமையலுப்பு தானே நீர்விட்டுக் கரையக் காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். பொட்டாசியம் கார்பனேட்டுக்கு 43 சதவீதமே போதும். சாதாரண வீட்டின் பின்வாசல் அலமாரியில் வருடத்தில் பாதி நாள் அது இருக்கும். அப்படி அந்தக் கரி தனக்கென்று ஒரு நீர்ப்படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதில் சல்பேட்டும் மற்ற கந்தக உப்புகளும் கரைந்திருக்கும். துரு பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

எண்ணெய் இதைத் தடுக்காதா என்று அவள் கேட்டாள். உப்பு கிடக்கும் இடத்தின்மேல் எண்ணெய் பூசுவது, ஈரத்துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுவது மாதிரி. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான், எண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது. பெட்டியைக் குழல்வாய் மேலாக நிறுத்தியதால், தாராளமாக ஊற்றிய எண்ணெயெல்லாம் நாலு மாதத்தில் மெல்ல வழிந்து அறையில் சேர்ந்து, மிஞ்சிய கரியோடு குழைந்து தாராகியிருக்கிறது. மே மாதம் கொட்டிய புதுமருந்து அதில் போய் விழுந்திருக்கிறது. மருந்து வெடிக்காததற்கும் துருவுக்கும் ஒரே மூலம்.

எடுத்த முடிவுகள்

வழிகள் நாலைந்து இருந்தன. அடித்திருகைக் கழற்றிவிட்டால் அறை முழுதும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். மகள் அதைத்தான் விரும்பினாள். நான் வேண்டாம் என்றேன். தொழிற்சாலையில் இறுக்கிய அந்தத் திருகை மேசையில் வைத்துக் கழற்றப் போனால் மரை கெடலாம். திரும்ப மாட்டும்போது பழைய இடத்தில் சரியாக வந்து நிற்காவிட்டால் பற்றுவாய் நேர்கோடு தப்பும். முகத்துக்கு ஓரடி முன்னால் மருந்து வெடிக்கும் இடம் அது. அதைத் தொடுவது துப்பாக்கிக் கொல்லர் வேலை.

அப்பா வினிகர் ஊற்றி இரவு முழுக்க வைக்கலாம் என்றார். துருவை வினிகர் கரைக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் அடித்திருகின் மரைக்குள் அமிலம் ஊறிவிட்டால் அதை வெளியே எடுத்தோம் என்று எப்படி உறுதிசெய்வது? கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் அமிலம் விடுவதில்லை என்பது பட்டறையில் நான் பட்டுக் கற்றது. கடையில் விற்கும் துருநீக்கித் திரவத்துக்கும் இதே காரணத்தால் மறுப்பு சொன்னேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள்" என்று முனகினார்.

புதுக்குழல் வாங்குவது கடைசி வழி என்று ஒத்திவைத்தோம். முதலில் உப்பை முழுக்கக் கரைத்து வெளியேற்றுவது. அப்புறம் துருவை எண்ணெயோடு மென்மையாகத் தேய்ப்பது. அதன்பிறகு கொல்லரிடம் காட்டி அவர் சரி என்றால் மட்டும் சுடுவது. அவர் சொல்லும்வரை மருந்து போடக் கூடாது என்று மூவரும் பேசிக்கொண்டோம்.

கழுவிய விதம்

ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றினோம். வாளியில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர். குழலின் அடியை அதில் முக்கி, பற்றுவாயைத் திறந்தே விட்டு, துணி சுற்றிய குமிழை மேலே இழுத்தோம். இழுக்கும்போது பற்றுவாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும், அழுத்தும்போது அதே வழியாகப் பீச்சும். அறைக்குள் ஓட்டம் இருக்கிறது என்பதற்கு அந்தப் பீச்சலே அத்தாட்சி. முதல் பத்து இழுப்பு வரை பீச்சலே இல்லை, ஒழுகியது. ஊசியால் இரண்டு முறை குத்திவிட்டதும் திடீரென்று மைக்கறுப்பாக வாளிக்குள் பாய்ந்தது. கட்டிப்போயிருந்த பழைய மருந்தும் அதோடு கரைந்து போனது. தண்ணீரை மூன்று முறை மாற்றினோம்.

பிறகு சிறு தூரிகை. அறைக்குள் விட்டு வலப்பக்கமாக மட்டும் சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் தூரிகை கம்பியிலிருந்து கழன்று உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் அது தனிக் கதை. சுற்றி, கழுவி, மறுபடி சுற்றி, சோதனைத் தாள் 7 காட்டும்வரை. அது வர முக்கால் மணி நேரம் ஆனது.

உலர்த்தும்போது துணியைத் தூரிகைமேல் சுற்றி அறைக்குள்ளும் விட்டோம். பற்றுவாய்க்கு, புகைபிடிக்கும் குழாயைத் துடைக்கும் பஞ்சுக்கம்பி. மரை இடுக்கில் தங்கும் நீரை விரட்ட நீர்விலக்கித் திரவம் அடித்தோம். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே அந்த முதல் இரண்டு எழுத்துக்கு நீரை விலக்குவது என்றுதான் பொருள். அதன் வேலை அத்தோடு முடிந்தது. மாதக்கணக்கில் காக்க அதை நம்பக் கூடாது என்பதால் அதையும் துடைத்தெடுத்தோம்.

துருவுக்கு, தேய்ந்த தூரிகையில் மிக மென்மையான நைலான் தேய்ப்புத் துண்டைச் சுற்றி எண்ணெய் தொட்டு, தோளும் அறையும் உள்ள பகுதியை மட்டும் இருபது சுற்று. கேமரா. மறுபடி இருபது. ஐந்து தடவையில் செம்பொடி நின்றது. மிஞ்சியது கருமையான சிறு குழிகள், தோளைச் சுற்றி ஊசிமுனை அளவில். அவற்றையும் போக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. குழியைப் போக்குவது என்றால் சுற்றியுள்ள நல்ல எஃகைத் தேய்ப்பது என்றுதான் அர்த்தம். அங்கே நிறுத்தினோம்.

கொல்லர் தன் கருவிகளால் பார்த்துவிட்டு, குழிகள் ஆழமில்லை, பழைய அளவு மருந்திலேயே சுடலாம், வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டு என்றார். ஜூனில் சுட்டபோது முதல் சில குண்டுகளுக்கு, குண்டைச் சுற்றிய துணி ஓரம் கிழிந்து விழுந்தது. முப்பது குண்டுக்குமேல் போனபிறகு துணி முழுசாக வந்தது. இலக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

பட்டறையில் ஒரு சிறு சோதனை

கொதிநீரா வெதுவெது நீரா என்ற வாக்குவாதம் அப்பாவோடு ஓயவில்லை. அதனால் பட்டறையில் ஒரே எஃகுத் தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி, சுட்ட குழலிலிருந்து வழித்த கரியை மூன்றிலும் தடவினேன். ஒன்றில் கரிமேலேயே எண்ணெய். ஒன்றைக் கொதிநீரில் கழுவித் தானே உலரவிட்டு எண்ணெய். மற்றதை வெதுவெது நீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய். பத்து நாள் நிலவறையில் கிடந்தன. முதல் துண்டு எண்ணெய்க்கு அடியிலேயே செம்பட்டை பிடித்தது. இரண்டாவதில் எண்ணெய் போடும் முன்பே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லிய ஆரஞ்சுப் படலம். மூன்றாவது அப்படியே இருந்தது. மூன்றே துண்டு, ஒரே தடவை. இதை ஆய்வென்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். சூடான ஈர எஃகு காற்றில் நொடியில் துருப்பிடிப்பதை மேற்பூச்சு வேலையில் தினமும் பார்க்கிறோம், இதிலும் அதேதான். அப்பா தப்பித்ததற்குக் காரணம், சூடு ஆறுவதற்குள் அவர் கை எண்ணெய்த் துணியோடு தயாராக இருக்கும்.

அடுத்த பருவம்

அந்த டிசம்பரில் அவள் முறையை மாற்றினாள். கெட்டித்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, சாயங்காலமே சுட்டுக் காலிசெய்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, வாளி, வெதுவெது நீர், பீச்சல், சிறு தூரிகை. எண்ணெய் மெல்லிசாக, துணியில் தொட்டு. பெட்டிக்குப் பதில் சுவரோரத்தில் திறந்த நிலையில், குழல்வாய் கீழாக, அடியில் ஒரு பழைய துண்டு.

முக்கியமான மாற்றம் மறுநாள் சாயங்காலப் பார்வை. முதல் நாள் இரவு எல்லாம் சுத்தம் என்று வைத்த குழலில், மறுநாள் சிறு தூரிகையில் துணி சுற்றி அறைக்குள் விட்டாள். லேசான பழுப்பு வந்தது. தாளில் 8. எங்கோ ஒரு சொட்டு தங்கியிருக்கிறது. மறுபடி கழுவினாள். அதற்கடுத்த நாள் வெள்ளை. ஒரு வாரம் கழித்தும் வெள்ளை. பருவம் முடிந்து மாதாமாதம் ஒரு தடவை பார்த்தாள். மே மாதம் கேமராவில் பழைய குழிகளைத் தவிர புதிதாக ஒன்றுமில்லை. அந்தப் பருவத்திலும் ஒரு முறை துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் அது பனிமழையில் கிண்ணத்து மருந்து நனைந்ததால். துடைத்து வேறு பொடி போட்டதும் வெடித்தது.

கெட்டிப்பதற்குமுன் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். எண்ணெயை உலர்துணியால் துடைத்துவிட்டு, குழலில் எதுவுமில்லாமல் கிண்ணத்தில் மட்டும் துளி மருந்து வைத்துப் பற்றவைப்பது. தீ பற்றுவாய் வழியாகப் போய் மிச்ச எண்ணெயை எரித்துவிடும். வழி திறந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு முறை என்றால்

பழைய துப்பாக்கி வாங்கிய அன்றே இரண்டு கம்பியை விட்டு டேப் ஒட்டிப் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. என் தரப்பில், குழலுக்குள் பார்ப்பதற்குமுன் பெட்டிமேல் பழி போட்டதை மாற்றிக்கொண்டேன். இப்போது மேசைக்கு வரும் எந்தக் குழலுக்கும் முதல் கேள்வி, அடி தட்டையா, குறுகலா. தெரியாது என்பவர்கள்தான் அதிகம். சோதனைத் தாளையும் சுட்ட அன்றே ஒரு முறை, கழுவியபின் ஒரு முறை ஒற்றிப் பார்த்து எழுதி வைத்திருந்தால் அந்த 9-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்திருக்கும். அது இல்லாததால் அந்த எண்ணைப் பற்றி இன்றும் கொஞ்சம் தயங்கித்தான் பேசுகிறேன்.

கொல்லரிடம் இரண்டாம் முறை காட்டியாயிற்று. குழிகள் வளரவில்லை. அப்பா தன்னுடைய நீளக்குழலை இப்போதும் கெட்டிலில் கொதித்த தண்ணீரால்தான் கழுவுகிறார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது கேமராவை அதற்குள்ளும் விட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் கொடுத்தார்.